தண்ணீர் மாற்றிய மறுநாளே மீன்கள் இறக்கின்றன: காரணம் நோயா, நீரா?

கேள்வி

வணக்கம். பல இன மீன்கள் ஒன்றாக வாழும் 120 லிட்டர் நன்னீர்த் தொட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். நியான் டெட்ரா, பிளாட்டி, கோரிடோராஸ், ஒரு சோடி ஹனி கௌராமி ஆகியவை அதில் இருந்தன. முதல் ஆண்டில் சொல்லத்தக்க இழப்பு எதுவும் இல்லை. அண்மைக் காலமாகத்தான் மீன்கள் இறக்கின்றன. அந்த இறப்புகளில் ஏதோ ஓர் ஒழுங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுவதால் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியின் பாதி நீரை வெளியேற்றிவிட்டுக் குழாய்நீரை நிரப்புவது வழக்கம். இடைப்பட்ட நாள்களில் ஆவியாகிக் குறையும் நீரை மட்டும் வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவியின் நீரைக் கொண்டு ஈடுசெய்கிறேன். கடந்த இருமுறையும் பாதி நீரை மாற்றிய அன்று மாலையிலேயே மீன்கள் மேற்பரப்புக்கு வந்து செவுள்களை வேகவேகமாக அசைக்கத் தொடங்கின. மறுநாள் காலையில் நியான்கள் சிலவும் ஒரு கோரிடோராஸும் இறந்து கிடந்தன; இரண்டாம் முறை ஆண் கௌராமியும் இறந்துவிட்டது. தப்பியவை ஓரிரு நாள்களில் தேறி, மீண்டும் உணவு உண்ணத் தொடங்கிவிட்டன. நீர் மாற்றாத நாள்களில் இறப்பு மிகவும் அரிது. இன்னொரு புதிரும் உண்டு: இழப்பை ஈடுசெய்வதற்காக இடையில் வாங்கிவிட்ட புதிய நியான்களில் பெரும்பாலானவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதே நீரில் பழைய நியான்களோ நன்றாக நீந்திக்கொண்டிருந்தன.

நீரின் வெப்பநிலை 27 டிகிரி. குழாய்நீரில் குளோரின் நீக்கியை உரிய அளவில் கலந்த பிறகே ஊற்றுகிறேன். சோதனைத் தாளில் நைட்ரைட் சுழியமாகவும், நைட்ரேட் அடர்ந்த நிறத்திலும், பிஎச் (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் மிகுதி) அந்தத் தாள் காட்டக்கூடிய மிகக் குறைந்த நிறத்திலும் வருகின்றன. இறந்த மீன்களின் உடலில் புள்ளியோ, புண்ணோ, பஞ்சு போன்ற படலமோ காணப்படவில்லை. மீன் விற்பவர் இதைப் பாக்டீரியா தொற்று என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்திருக்கிறார். அதை இன்னும் பயன்படுத்தவில்லை. எஞ்சியிருக்கும் மீன்களையாவது காப்பாற்ற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1

அந்த மருந்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். காரணம் தெரியாமல் ஊற்றப்படும் மருந்து, நோய்க்கிருமியைக் கொல்கிறதோ இல்லையோ, வடிகட்டியில் குடியிருக்கும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும். அது நேர்ந்தால், ஏற்கெனவே உள்ள சிக்கலோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

நோயால் ஏற்படும் இறப்பும் நீரால் ஏற்படும் இறப்பும் நடந்துகொள்ளும் விதத்திலேயே பெரும்பாலும் வேறுபடும். தொற்றுநோய் பொதுவாக ஓரிரு மீன்களில் தொடங்கி, நாள் போகப் போகப் பரவும். பெரும்பாலும் ஓர் இனம் மற்றவற்றைவிட அதிகமாகப் பாதிக்கப்படும். உண்ணாமை, நிறம் மங்குதல், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளுதல் போன்ற அறிகுறிகள் இறப்புக்கு முன்பே தென்படும். நீரில் கோளாறு என்றால், தம்முள் தொடர்பில்லாத இனங்கள் ஒரே இரவில் ஒருசேரத் துன்புறும். தப்பியவை விரைவில் தேறிவிடும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாம் வகையைத்தான் ஒத்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. கொலம்னாரிஸ் எனப்படும் பாக்டீரியா நோயின் தீவிர வடிவம் வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாள்களிலேயே ஒரு கூட்டத்தை அழித்துவிடக்கூடும். ஆனால் அது நீர் மாற்றும் நாளைப் பார்த்து வருவதில்லை.

மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்குகின்றன என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் நான் முதலில் ஐயுறுவேன். 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும்; 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். தாவரங்கள் நிறைந்த தொட்டியாக இருந்தால், இரவில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். நீர் மாற்றும்போது அடிமணலைக் கிளறுகிறீர்களா? வடிகட்டியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறீர்கள்? இவற்றையும் எழுதுங்கள். அதுவரை ஏர் பம்ப் ஒன்றை இரவு பகலாக ஓடவிடுங்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் அதனால் தீங்கு நேராது.


பதில் 2

மேலே உள்ள நண்பர் மருந்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆக்சிஜன் பற்றாக்குறை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இறந்தவை எவை என்று பாருங்கள். கௌராமிக்குச் செவுளுக்கு மேலே ஒரு துணைச் சுவாச உறுப்பு உண்டு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது மேற்பரப்புக் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். கோரிடோராஸ் காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜனைப் பெறக்கூடியது. ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால் இவை இரண்டும் கடைசியாகத்தான் சாக வேண்டும். பிளாட்டிகளும் நியான்களும் முந்தியிருக்கும். இங்கே காற்றை விழுங்கத் தெரிந்த மீன்களும் சேர்ந்து இறந்திருக்கின்றன. ஆகவே செவுளையோ இரத்தத்தையோ தாக்கும் ஏதோ ஒன்று நீரில் இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரு சொற்றொடர் என்னை நிறுத்திவிட்டது. பிஎச் அந்தத் தாள் காட்டக்கூடிய மிகக் குறைந்த நிறத்தில் வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் உண்மையான அளவு 6 ஆகவும் இருக்கலாம், அதற்கும் கீழாகவும் இருக்கலாம். மேலும், பெரும்பாலான சோதனைத் தாள்களில் அம்மோனியாவுக்கான பட்டையே இருப்பதில்லை. எனவே, தேடவேண்டிய பொருளை நாம் இன்னும் அளக்கவே இல்லை.

என் ஐயத்தை விளக்குகிறேன். மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது மீன் வளர்ப்போர் அறிந்ததே. அந்த மாற்றம் நடக்கும்போதெல்லாம் அமிலம் உண்டாகிறது என்பதும், அந்த அமிலத்தை நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டுகள் ஏற்றுக்கொண்டு தாம் தீர்ந்துபோகின்றன என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்குக் கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஏற்கும் இருப்பு, செலவாகிறது. இடையில் நீங்கள் ஊற்றுவது ஆர்.ஓ. நீர், அதில் கார்பனேட் ஏறக்குறைய இல்லை. ஆவியாதலை ஈடுகட்ட அந்த நீரைப் பயன்படுத்துவது முறையான செயல்தான். ஆனால் செலவான கார்பனேட்டை அது திருப்பித் தராது. இரண்டு மூன்று மாத இடைவெளியில் இருப்பு தீர்ந்துவிட்டால் பிஎச் சரியத் தொடங்கும். 6.5க்குக் கீழே பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகும். 6க்குக் கீழே பெரும்பாலும் நின்றே போகும். அதன் பிறகு அம்மோனியா நீரிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் மீன்கள் அப்போதே சாக வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அமில நீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் அயனியாக இருக்கும்; அந்த வடிவம் செவுள் வழியாக எளிதில் உள்ளே நுழைவதில்லை, நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. பிஎச் ஒவ்வோர் அலகு உயரும்போதும் நச்சுள்ள கட்டற்ற அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அந்தத் தொட்டியில் காரத்தன்மை மிகுந்த குழாய்நீரை ஒரேயடியாகப் பாதியளவு ஊற்றினால், அதுவரை தீங்கின்றிக் கிடந்தது சில மணி நேரத்தில் நஞ்சாகிவிடும். நீரைத் தூய்மையாக்கும் அதே செயல் மீனைக் கொல்வது இப்படித்தான்.

இது இன்னும் ஐயம்தான். அளந்து பார்த்தால்தான் உறுதியாகும். துளி முறையில் அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டு தொட்டிநீர், குழாய்நீர் இரண்டிலும் பிஎச், கார்பனேட் கடினத்தன்மை (மேலே சொன்ன பைகார்பனேட் இருப்பின் அளவு), மொத்த அம்மோனியா (இரு வடிவங்களும் சேர்ந்தது) ஆகியவற்றைப் பாருங்கள். குழாயிலிருந்து உடனே பிடித்த நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்தால் பிஎச் குறைவாகத் தெரியும். அதனால் ஒரு வாளி நீரை ஒரு நாள் முழுவதும் காற்றுக் குமிழியிட்டு வைத்துவிட்டு அளப்பது நல்லது. முடிவு தெரியும்வரை நீரை மாற்றவே வேண்டாம்.


கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர் மாற்றும்போது அடிமணலின் மேற்பகுதியை மட்டும் லேசாக உறிஞ்சுகிறேன். வடிகட்டி அரைமணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை.

துளிச் சோதனையின் முடிவுகள் இவை. தொட்டியில் பிஎச் 6 என்ற கடைசி நிறம். கார்பனேட் கடினத்தன்மைச் சோதனையில் முதல் துளியிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது இருப்பு ஏறக்குறைய இல்லை. மொத்த அம்மோனியா லிட்டருக்கு 8 மில்லிகிராம். ஒரு நாள் காற்றூட்டிய குழாய்நீரில் பிஎச் 8.2, கார்பனேட் கடினத்தன்மை 9 டிகிரி, அம்மோனியா சுழியம். அம்மோனியாவின் நிறத்தைக் கண்டு பதறிப்போனேன். இவ்வளவு இருக்கும்போது உடனே பெருமளவில் நீரை மாற்ற வேண்டும் என்றுதான் எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். மாற்றாமல் பொறுத்திருப்பது சரியா?


பதில் 2

பொறுத்திருந்தது சரியே. பெருமளவு நீரை உடனே மாற்றச் சொல்லும் அறிவுரை, இயல்பான பிஎச் உள்ள தொட்டியில் அம்மோனியா ஏறியிருக்கும் நிலைக்குப் பொருத்தமானது. உங்கள் தொட்டி வேறு நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் எண்களைக் கொண்டே காட்டுகிறேன்.

27 டிகிரியில், பிஎச் 6 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் சுமார் 0.065 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். 8 மில்லிகிராமில் அது 0.005 மில்லிகிராம், மீன்கள் மந்தமாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். பாதி நீரை மாற்றினால் மொத்தம் 4 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆனால் பிஎச் 8க்கு அருகில் ஏறுகிறது. அங்கே நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு, அதாவது 0.24 மில்லிகிராம். மொத்த அளவு பாதியாகக் குறைந்தும், நஞ்சு ஏறத்தாழ ஐம்பது மடங்காகப் பெருகிவிட்டது. நுண்ணிய உடலமைப்புக் கொண்ட நியான்கள் ஒரே இரவில் இறப்பதற்கு அது போதும். தப்பியவை தேறியதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது: புதிய நீரோடு கார்பனேட்டும் வந்ததால் பாக்டீரியாக்கள் மீண்டும் வேலை செய்து, சில நாள்களில் அம்மோனியாவைக் குறைத்திருக்கும்.

புதிய நியான்கள் இறந்ததும் இதோடு தொடர்புடையதே. பழைய மீன்கள் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கெட்ட நீருக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டவை. புதியவை வேறு நீரிலிருந்து நேராக இந்த அமில நீருக்கு, நைட்ரேட் மிகுந்த நீருக்கு வந்து விழுந்தன. பழைய மீன்கள் நலமாக இருப்பதைக் கண்டு நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது அதனால்தான் ஆபத்தானது.

செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் அம்மோனியத்தைக் குறைக்க வேண்டும், அதன் பிறகே பிஎச்சை உயர்த்த வேண்டும். இன்றிலிருந்து சில நாள்களுக்கு உணவை நிறுத்துங்கள். வளர்ந்த மீன்களுக்கு அது கேடு செய்யாது, அம்மோனியா மேலும் சேர்வது பெரிதும் குறையும். உங்களிடம் ஆர்.ஓ. நீர் இருப்பது இப்போது பேருதவி. அதில் கார்பனேட் இல்லாததால், அதைக் கொண்டு நாள்தோறும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் பிஎச் உயராமலே அம்மோனியம் வெளியேறும். நைட்ரேட்டும் பிற உப்புகளும் இப்போது மிகுதியாக இருப்பதால், சில நாள்களுக்கு இந்த நீர்த்தலை மீன்கள் தாங்கும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நீரின் வெப்பநிலை தொட்டியோடு ஒத்திருக்கட்டும். வடிகட்டியில் ஜியோலைட் கற்களை ஒரு வலைப்பையில் இட்டு வைத்தால் அவை அம்மோனியத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் மாற்றுவதற்கு முன்பு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அம்மோனியா 1 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகு, அதே பத்தில் ஒரு பங்கைக் குழாய்நீரால் மாற்றத் தொடங்குங்கள். பிஎச் ஒரு நாளில் 0.3க்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டிப் பஞ்சை இந்தக் காலத்தில் கழுவவே கூடாது.


பதில் 3

கணக்கும் வரிசையும் தெளிவாக இருக்கின்றன. அடுத்து வரக்கூடிய ஒன்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்க விரும்புகிறேன். பிஎச் உயர்ந்து பாக்டீரியாக்கள் விழித்துக்கொள்ளும்போது, அம்மோனியாவை உண்பவை முந்திக்கொள்ளவும் நைட்ரைட்டை உண்பவை பின்தங்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது சில நாள்கள் நைட்ரைட் ஏறலாம். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க இயலாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும். செவுள்கள் பழுப்பு நிறமாவது அதன் அடையாளம். நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும்.

நைட்ரைட் தென்பட்டால் சிறிதளவு சமையல் உப்பு உதவும், ஏனெனில் செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வழியில் குளோரைடும் நுழைவதால் அது போட்டியிட்டுத் தடுக்கும். 6 லிட்டருக்கு 1 கிராம் உப்பு இட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். உங்கள் தொட்டிக்கு 20 கிராம். கோரிடோராஸ் உப்பைத் தாங்காது என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்தக் குறைந்த அளவு அதற்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் உப்பு இடுவதற்கு முன்பு ஜியோலைட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஜியோலைட்டை உப்புநீரில் ஊறவைத்துத்தான் மறுபயன்பாட்டுக்குத் தயார் செய்கிறோம்; சோடியத்தை ஏற்றுக்கொண்டு, பிடித்து வைத்திருந்த அம்மோனியத்தை அது விட்டுவிடும் என்பதே அதன் பொருள். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது, ஒரு கையால் எடுத்ததை மறுகையால் திருப்பிக் கொட்டுவதாகிவிடும்.

புதிய மீன்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெடுநேரம் மூடிய பையில் வரும் மீன்களுக்கும் இதே வேதியியல்தான். பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் தாழ்வதால் அங்கு சேரும் அம்மோனியாவும் தீங்கற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். எனவே நெடும் பயணத்தில் வந்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகக் கலப்பது நன்மையைவிடத் தீமையையே செய்யக்கூடும். புதிய மீன்களை முதலில் வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டியின் நீரை விற்பவரின் நீரோடு ஒத்ததாக முன்பே அமைத்துக்கொண்டு, வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, பையின் நீரைத் தவிர்த்து மீன்களை மட்டும் விட்டுவிடுவதே நான் பின்பற்றும் முறை. நான்கு வாரங்கள் அங்கே வைத்துப் பார்த்த பிறகுதான் பொதுத்தொட்டிக்கு மாற்றுவேன்.


கேட்டவரின் மறுமொழி

சொன்ன வரிசையிலேயே செய்து வருகிறேன். இப்போது மொத்த அம்மோனியா 0.5க்கு வந்துவிட்டது, பிஎச் 7.2, கார்பனேட் கடினத்தன்மை 3 டிகிரி. இடையில் நைட்ரைட் சிறிது ஏறியபோது ஜியோலைட்டை எடுத்துவிட்டு உப்பு இட்டேன், அது இறங்கிவிட்டது. இந்தக் காலத்தில் ஒரு மீனும் இறக்கவில்லை. பிளாட்டிகள் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் எஞ்சிய நியான்களில் ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறது. அதன் முதுகுத் துடுப்புக்குக் கீழே தசை வெளிறி, அந்த இடத்தில் சிவப்புப் பட்டை மங்கியிருக்கிறது. இதுவும் அம்மோனியாவின் விளைவா? இனி எவ்வளவு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.


பதில் 2

வாரந்தோறும் கால் பங்கு நீரைக் குழாய்நீரால் மாற்றுங்கள். ஆவியாவதற்கு ஆர்.ஓ. நீரையே தொடருங்கள். கார்பனேட் கடினத்தன்மை 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று கொள்ளுங்கள். பிஎச் சரிவதற்கு முன்பே அது தெரிவித்துவிடும் என்பதால், ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.


பதில் 1

அந்த நியானை இன்றே தனியாக எடுத்துவிடுங்கள். அம்மோனியா ஒரு மீனின் தசையில் மட்டும் அவ்வாறு வெண்திட்டை உண்டாக்குவதில்லை. பிளீஸ்டோபோரா என்ற நுண்வித்து ஒட்டுண்ணி தசைக்குள் பெருகும்போது இப்படித்தான் தெரியும்; நியான் டெட்ரா நோய் என்று பெயர் பெற்றது அதுவே. கொலம்னாரிஸும் சில நேரங்களில் இதே தோற்றத்தைத் தரும். ஆனால் அதில் திட்டு வேகமாகப் பரவி, மேல்தோல் சிதைந்து காணப்படும். தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தால் சில நாள்களில் எது என்று ஊகிக்கலாம். விற்பவர் கொடுத்த மருந்து கொலம்னாரிஸுக்கு உரியதுதானா என்று அதன் உறையைப் படித்துப் பாருங்கள். ஆம் என்றால் தனித்தொட்டியில் மட்டும் அதை முயன்று பார்க்கலாம். ஒட்டுண்ணியாக இருந்தால் நம்பத்தக்க சிகிச்சை இல்லை. அந்த மீன் மீண்டும் பொதுத்தொட்டிக்குத் திரும்பக்கூடாது.

இந்த ஒட்டுண்ணியின் வித்துகள் இறந்த மீனின் உடலை மற்ற மீன்கள் கொத்தித் தின்பதால்தான் முதன்மையாகப் பரவுகின்றன. அதனால் அடுத்த சில வாரங்களுக்குக் காலையிலும் மாலையிலும் நியான்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், தாவரங்களுக்கு இடையிலும் வடிகட்டியின் உறிஞ்சு குழாயருகிலும் தேடி, உடலை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.